நாலாவது வரியில் 33.4

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. கனவில்லை. காய்ச்சலில் உளறியதும் இல்லை. நேரம் குறித்த நோட்டு என்னிடம் இருக்கிறது. நம்ப மாட்டேன் என்று வம்புக்கு வருகிறவர்கள் அந்த நோட்டோடு சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. நடுநிசி, மின்வெட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று நாற்பத்தேழுக்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கீழே கேட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வேலை பார்த்த இடம் கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு பெரிய கடை. விற்பதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் நாங்களே சோதித்து, கிடைத்த எண்களைக் கடையின் இணையப் பக்கத்தில் போடுவோம். அந்த எண்களைப் பார்த்துத்தான் ஆட்கள் வாங்குவார்கள். மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதுதான் சோதனை அறை. நான்தான் சோதனைக்காரி.

அன்றைய வேலை, ஓவர்கிளாக் செய்த பிராசசரை எந்தத் தண்ணீர் முறை நன்றாகக் குளிரவைக்கிறது என்று ஒப்பிடுவது. ஓவர்கிளாக் என்றால், பிராசசருக்குக் கம்பெனி குறித்த வேகத்தைத் தாண்டி அதை விரட்டி ஓட வைப்பது. விரட்டினால் அது சூடாகும். சூட்டை இழுக்கத் தண்ணீர் விடுவார்கள். மூன்று முறைகள் உண்டு. ஒன்று, சீல் போட்டது. தண்ணீர், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக அடைத்து வரும், வாங்கி மாட்ட வேண்டியதுதான். இரண்டு, நாமே பூட்டுவது. ஜாடி, குழாய், பம்ப், பெரிய ரேடியேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்க வேண்டும். மூன்று, வாளி. இருபது லிட்டர் தண்ணீரை வாளியில் வைத்துச் சுற்ற விடுவது. வாளிக்கு ஆரம்ப சூரத்தனம் அதிகம். முதல் ஒரு மணி நேரம் எல்லாரையும் ஜெயிக்கும், பிறகு வெந்நீராகிப் போகும்.

இதே ஒப்பீட்டைப் பதினான்கு மாதம் முன்பு இதே அறையில் இன்னொருவர் செய்தார். அவரை எல்லாரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் புள்ளி வைத்துத்தான் பதில் சொல்வார். காபி எப்படி இருக்கிறது என்றால், "அறுபத்திரண்டு புள்ளி அஞ்சு இருக்கும்மா, குடிக்கலாம்" என்பார். எனக்கு டிகிரி அண்ணன். வேலை கற்றுக்கொடுத்தவர் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் சண்டை போட்டதுதான் அதிகம்.

அவர் போட்ட எண் இது. சீல் போட்டது வைத்தால் பிராசசர் அறைச் சூட்டைவிட 61.3 டிகிரி கூடுதலாக இருக்கும். நாமே பூட்டினால் 48 தான். பதின்மூன்று டிகிரி வித்தியாசம். கோடவுனில் சீல் போட்ட பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. முதலாளிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீ ஒரு தடவை மறுபடி பாரும்மா" என்றார் என்னிடம். பார்த்தேன். சீல் போட்டதற்கு எனக்கு 51 தான் வந்தது. வித்தியாசம் வெறும் மூன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "டிகிரி பொய் எண் எழுதுறாரு" என்று கடை முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் இடத்துக்கு நான் வந்தேன்.

போகிற அன்று அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கிள்ளிப் பார்த்தியாம்மா?"

இதை விளக்கியாக வேண்டும். அறையில் சூட்டை அளக்க நான்கு சென்சார் முனைகள் உண்டு. ஒன்று அறைக் காற்றுக்கு, கூரையின் நடுவில் தொங்கும். ஒன்று மேசைக்குப் பின்னால், ஃபேன் தள்ளும் வெப்பக் காற்றில். ஒன்று தண்ணீருக்கு. நாலாவது சும்மா, கையில் பிடித்து அங்கங்கே வைத்துப் பார்க்க. நான்கு வயரும் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பட்டைக்குள் ஓடி, செங்கல் அளவுள்ள ஒரு பெட்டிக்கு வரும். பெட்டியின் திரையில் நான்கு வரி. வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. பெட்டிப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். டிகிரி அண்ணன் ஸ்டிக்கரை நம்ப மாட்டார். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒவ்வொரு முனையையும் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பார். விரல் சூட்டுக்குத் திரையில் எந்த வரி ஏறுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் நோட்டில் 'கிள்ளிப் பார்த்தது' என்று எழுதி டிக் போடுவார். ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி, மேசைக்குப் பின்னால் குனிந்து... அரை மணி நேரம் போகும்.

நான் கிள்ளிப் பார்க்கவில்லை. 'அறை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரே வயரைச் செருகி வேலையை முடித்தேன். அறை 37 டிகிரி என்று காட்டியது. அன்று ஏசி படுத்துவிட்டது, எனக்கும் வேர்த்துக் கொட்டியது, இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கேட்டபோது நான் சொன்ன பதில் இது.

"பார்த்தேண்ணா."

"அப்ப என் எண்தான் தப்பு" என்றார். போய்விட்டார். பதினோரு நாள் கழித்து இறந்தும் போனார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது என்று முதலாளி சொன்னார். துக்கத்துக்கு நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். புது பிராசசர் வந்திருந்தது. மூன்று முறைகளையும் மறுபடி ஒப்பிட்டு அன்றே எண் தர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடை விடுமுறை. கட்டடத்தில் நானும் வாட்ச்மேனும்தான்.

காலை 9.40. அறையைத் திறந்தேன். ஏசியை 24-ல் வைத்தேன். மேசை மீது நாமே பூட்டும் ரகத்தைக் கட்டினேன். ஜாடி, பம்ப், குழாய், ரேடியேட்டர். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்தேன். ஒரு சொட்டு கசிந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

10.15. தண்ணீர் ஊற்றி, ஜாடி மூடியை இறுக்கித் திருகி, பம்பை ஓடவிட்டேன். குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் ஓடின. அவை வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். நோட்டில் முதல் வரி எழுதினேன்.

10.50. ஜாடி மூடி அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

நான் இறுக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கை வலிக்க இறுக்கியிருந்தேன். பம்ப் அதிர்வில் தளர்ந்திருக்கும் என்று மறுபடி இறுக்கினேன். குமிழி சீக்கிரம் போவதற்காக மூடியை அரைச் சுற்று தளர்த்தி வைப்பது டிகிரி அண்ணனின் வழக்கம். அது அப்போது நினைவுக்கு வந்தது. வந்ததும் எரிச்சலாக இருந்தது.

11.05. மூடி மறுபடி தளர்ந்திருந்தது. அதே அரைச் சுற்று.

"அட போப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். இறுக்கினேன்.

11.20. தண்ணீர் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றுவதற்காகப் பம்பை நிறுத்தினேன். ஃபேன்களும் நின்றன. அறை அமைதியானது. ஏசியின் சத்தம் மட்டும்.

டக்... டக் டக்.

ஜாடியின் பக்கமிருந்து வந்தது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஜாடியைத் தட்டுகிற சத்தம். ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளை விரட்ட அப்படித் தட்டுவார்கள். நான் தட்டுவதில்லை, எனக்குப் பொறுமை இல்லை. ஸ்குரூ டிரைவர் மேசையின் மறுபக்கத்தில், நான் வைத்த இடத்திலேயே கிடந்தது.

டக்... டக் டக்.

ஜாடியின் சுவரில் ஒட்டியிருந்த குமிழிகள் கழன்று மேலே போயின. என் கண்ணெதிரே போயின.

பயமாக இருந்தது. ஒளிக்க மாட்டேன். கதவைப் பார்த்தேன். நாலே எட்டு. எழுந்து போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குணம் உண்டு. யாராவது என்னைத் துரத்தப் பார்த்தால், அந்த இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பம்பை மறுபடி போட்டேன். "நான் போக மாட்டேன்" என்றேன், சத்தமாக. யாரிடம் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

11.40. போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இப்பதான் சார் ஆரம்பிக்கிறேன்."

"போன தடவை போட்ட எண்ணோட ஒத்துப்போற மாதிரி இருக்கணும். புரியுதா?"

"வர்ற எண்ணைத்தான் சார் எழுத முடியும்."

"எனக்கே பாடம் நடத்தாத." கொஞ்சம் நிறுத்தினார். "பக்கத்துல யாரு?"

"யாருமில்ல சார். ஏன்?"

"டக் டக்குன்னு கேக்குது..."

நான் ஜாடிப் பக்கம் திரும்பினேன். அவர் போனை வைத்துவிட்டார். வழக்கமாக, "சரி சரி, வைக்கிறேன்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

11.47.

பெட்டியின் திரையைப் பார்த்தேன். முதல் வரி, அறை: 24.0. இரண்டாவது வரி காலி, அந்த வயரை நான் செருகவில்லை. மூன்றாவது வரி, தண்ணீர்: 24.2. நாலாவது வரி எப்போதும் மூன்று கோடு காட்டும். நான் இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பழுது என்று விட்டுவிட்டேன்.

அன்று அதில் எண் இருந்தது.

24.0.

26.8.

30.1.

33.4.

நின்றது. ஐந்து விநாடி அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. 30... 27... 24.

மறுபடி ஏறியது. 33.4. இறங்கியது.

மூன்றாவது தடவை ஏறியது.

ப்ஸ்ஸ்ஸ்...

பின்னால் கேட்டது. மூலையில் டிகிரி அண்ணனுடைய நாற்காலி கிடந்தது, உயரத்தை ஏற்றி இறக்குகிற சுழல் நாற்காலி. நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. அது மெல்லக் கீழே இறங்கியது.

காலி நாற்காலி இறங்காது. இது அப்படி நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். லீவரை இழுத்தால்கூட மேலேதான் ஏறும்.

இறங்க வேண்டுமானால் மேலே ஆள் இருக்க வேண்டும்.

பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தைரியமில்லை. மேசைக்கு அடியில் பார்க்க வேண்டிவருமே.

நாலாவது வரி: 33.4.

நாலாவது வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிடலாம் என்று கையைக் கொண்டு போனேன்.

நிறுத்தினேன்.

பிடுங்கினால், நான் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும். பயம்தான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி, நாற்காலியைப் பார்த்தே பேசினேன்.

"என்னண்ணா வேணும்? வந்ததுதான் வந்தீங்க, சொல்லிட்டுப் போங்க. பயமுறுத்தினா ஓடிடுவேன்னு நினைக்காதீங்க."

திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

24.

33.4.

24.

33.4.

அப்போதுதான் உறைத்தது. ஓர் எண் இப்படி விறுவிறுவென்று ஏறி, நின்று, இறங்குவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். டிகிரி அண்ணன் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செய்ததுதான். முனையை யாரோ கிள்ளுகிறார்கள்... விடுகிறார்கள்... கிள்ளுகிறார்கள்.

"கிள்ளிப் பாக்கணுமா?" என்றேன்.

33.4. இந்தத் தடவை இறங்கவில்லை.

12.04. ஏணியை இழுத்து வந்து போட்டேன். ஏறினேன். கூரையின் நடுவில் தொங்கிய முனையை இரண்டு விரலால் இறுக்கிக் கிள்ளினேன். அங்கிருந்தே திரையைப் பார்த்தேன். முதல் வரி, அறை, ஏற வேண்டும்.

ஏறவில்லை. 24.0.

பத்து விநாடி. இருபது விநாடி. முப்பது. விரல் நோகக் கிள்ளிக்கொண்டிருந்தேன். 24.0.

இறங்கினேன். செருகாமல் விட்டிருந்த வயரை, 'பின்பக்கம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை, எடுத்துச் செருகினேன். இரண்டாவது வரி உயிர் பெற்றது. 27 காட்டியது, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. என் விரல் சூடு இன்னும் அந்த முனையில் மிச்சமிருந்தது.

ஸ்டிக்கர்கள் இடம் மாறியிருந்தன.

உறுதிப்படுத்த மேசைக்குப் பின்னால் போய், ஃபேன் காற்றில் இருக்கும் முனையைக் கிள்ளினேன். முதல் வரி, 'அறை', சரசரவென்று ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு மாதம் முன்பு, என் சோதனைக்கு முந்தைய வாரம், அறைக்கு வெள்ளையடித்தார்கள். பெயிண்டர் ஸ்டிக்கர்களைப் பிய்த்து, வேலை முடிந்ததும் கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் அறை என்று நினைத்து எழுதியது சீல் போட்டதன் பின்னாலிருந்து வந்த அனல் காற்றை. அறை 37 இல்லை. நான் பத்து டிகிரியை விழுங்கிவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கிள்ளியிருந்தால் தெரிந்திருக்கும்.

அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அந்த நேரத்தில் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன். பழைய பிராசசர் இன்னும் டிராயரில் இருந்தது. சீல் போட்டதை அதன் மேல் மாட்டினேன். நான்கில் மூன்று முனைகளையும் கிள்ளிப் பார்த்தேன். நோட்டில் எழுதினேன், டிக் போட்டேன். இரண்டு மணி நேரம் விரட்டி ஓடவிட்டேன். பின்னால் அந்த நாற்காலி இறங்கிய நிலையிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை மட்டும், "ஏசி அதிகமா இருக்காண்ணா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

மாலை 3.10. முடிவு வந்தது.

61.3.

புள்ளி மூன்று உட்பட.

புது பிராசசருக்கும் மூன்று முறைகளையும் ஓட்டி முடித்தேன். சீல் போட்டது 63. நாமே பூட்டியது 49.6. வாளி முதல் மணியில் 44, பிறகு ஏறி 58. இரவு 9.40-க்கு எல்லாவற்றையும் கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்: "பதினான்கு மாதம் முன்பு வந்த மறுசோதனை என்னுடையது. அது தவறு. முனைகளைக் கிள்ளிப் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய். அதற்கு முன்னால் இங்கே சோதனை செய்தவரின் எண் சரி." கீழே என் பெயர். விளக்கை அணைக்கும்போது நாலாவது வரி 33.4-ல் நின்றிருந்தது.

திங்கட்கிழமை காலை முதலாளி கரடியாகக் கத்தினார். பக்கத்தை அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவரே அழித்தார். நான் இணையத்தில் வாடிக்கையாளர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் அதையே மறுபடி போட்டேன். அங்கேயும் ஆள் வைத்து எடுக்கச் செய்தார். மறுபடி போட்டேன்.

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணாம் சார்."

"நாளைக்கு வந்து சாமானை எடுத்துட்டுப் போ."

அன்று சாயங்காலம், எண்களைப் பேப்பரில் அச்சடித்து எடுத்துக்கொண்டு டிகிரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பதினான்கு மாதம் தள்ளிப் போட்ட படி ஏறுதல். அண்ணிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் உள்ளே நடந்தார். கதவை மூடவில்லை. அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

பேப்பரைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பார்த்தேண்ணா" என்ற அந்தப் பொய்யையும் சொன்னேன். அறையில் நடந்ததைச் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார் என்று பயம்.

அண்ணி பேப்பரில் 61.3 என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ ஏன் துக்கத்துக்கு வரலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "அவரும் தூங்கலை. 'அந்தப் பொண்ணு கிள்ளிப் பார்த்தேன்னு சொல்லுது, அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்'னு பத்து நாளும் அதே பேச்சு. கடைசில மறுபடி பார்த்துடறேன்னு பழைய சாவியை எடுத்துக்கிட்டுப் போனார். ஞாயித்துக்கிழமை."

"எங்க போனார் அண்ணி?"

"எங்க போவார்? அந்த ரூமுக்குத்தான்."

"ஆனா முதலாளி, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலன்னு..."

"கடைக்குப் பேர் கெட்டுடும், வழியில போச்சுன்னே சொல்லிக்கலாம்னார். எனக்கு அப்ப எதுவும் தோணலை. சரின்னுட்டேன்." அண்ணி பேப்பரை நான்காக மடித்தார். "நாற்காலிலயே போயிட்டார். நான் போய்ச் சேர்றப்ப மணி ஒண்ணு. கையில அந்த வயர் முனை இருந்துச்சு. ரெண்டு விரலுக்கு நடுவுல."

அண்ணி பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆம்புலன்ஸ்காரங்க எவ்வளவோ பார்த்தாங்க. விரலைப் பிரிக்க முடியலை. கடைசில கத்தரிக்கோல் வச்சு வயரைத்தான் வெட்டினாங்க. அந்த முனை அவர் கையோடயே போயிடுச்சு."

செவ்வாய்க்கிழமை காலை சாமான் எடுக்கப் போனேன். வாட்ச்மேன் கூடவே வந்தார். அவரிடம் மேசையை ஒரு கை பிடிக்கச் சொன்னேன். கனமான இரும்பு மேசை, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் இழுத்தோம். நாலாவது வயர் சுவர்ப் பட்டையிலிருந்து வெளியே வந்து, மேசைக்கு அடியில் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது.

முனை இல்லை. நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. செம்பு இழைகள் தெரிந்தன.

"இதைத்தாம்மா அன்னைக்கு வெட்டினாங்க" என்றார் வாட்ச்மேன். அவர் அறைக்குள் அதற்கு மேல் நிற்கவில்லை. கீழே போய்விட்டார்.

பெட்டியில் பழைய பதிவுகள் நிமிட வாரியாக இருக்கும். நான் ஒரு நாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தேன். அவர் இறந்த ஞாயிற்றுக்கிழமை. காலை 11.46, நாலாவது வரி: 24.0. காலை 11.47, நாலாவது வரி: 33.4. அதற்குப் பிறகு இறக்கம்தான். 33... 32... 31... நிமிடத்துக்கு நிமிடம், மெல்ல, மெல்ல. பகல் 1.25-க்கு மூன்று கோடு. மற்ற மூன்று வரிகளில் அசைவே இல்லை. நாலாவதைத்தான் முதலில் எடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு முனைகளைக் கிள்ளியிருந்தால், தப்பு தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிவை மூடினேன். திரை இன்றைய நேரத்துக்கு வந்தது.

நாலாவது வரி: 33.4.

சரி, பார்த்துவிடுவோம் என்று மண்டியிட்டேன். தொங்கிய வயரின் வெட்டுப்பட்ட இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தேன். என் விரல்கள் அப்போது பனிக்கட்டியாக இருந்தன. முப்பது விநாடி பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். எண் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அது அளந்தது என் விரலை இல்லை.

நோட்டை எடுத்தேன். காலை 9.20. நாலாவது வரி, 33.4. கிள்ளிப் பார்த்தது. டிக் போட்டேன்.